ஊதலுக்கு வராத கொயோட்டி

வடக்குக் கலிஃபோர்னியாவின் மேய்ச்சல் குன்றுகளில் செம்மறி வளர்க்கும் குடும்பங்களுக்குக் கால்நடை மருத்துவராகப் பணிபுரிகிறேன். ஆடுகள் குட்டி ஈனும் குளிர்காலத்தில் எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பல, கொயோட்டி என்ற நாய் இனக் காட்டு விலங்கு குட்டியைத் தூக்கிவிட்டது என்றுதான் தொடங்கும். அடுத்த கேள்வியும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும்: சுடுவதற்காக மறைந்திருந்து, ஊதலில் அடிபட்ட முயல் கத்துவதுபோல ஊதினால் முன்பெல்லாம் ஓடிவந்த விலங்கு, இப்போது ஏன் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை? கொயோட்டி பிறவியிலேயே எச்சரிக்கையானது என்பது உண்மைதான். ஆனால், ஊதலின் அருகே சற்றும் நெருங்காத கொயோட்டியை உருவாக்குவது பெரும்பாலும் நாமே.

கொயோட்டி, நரியைவிடப் பெரியது. ஓநாயைவிட மிகச் சிறியது. மேற்கு மாநிலங்களில் அதன் எடை ஏறக்குறைய 9 முதல் 16 கிலோ வரை இருக்கும். ஓநாய்கள் அழிக்கப்பட்ட நிலங்களிலெல்லாம் பரவி, இன்று ஹவாய் தவிர அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும் வாழ்கிறது. நஞ்சு, கண்ணி, துப்பாக்கி, விமானம் என எல்லாவற்றையும் மனிதர்கள் அதன்மீது ஏவிப் பார்த்துவிட்டார்கள். அமெரிக்க வேளாண் துறையின் வனவிலங்குச் சேவைப் பிரிவு மட்டுமே அண்மைக் காலத்தில் ஆண்டுக்கு 50,000க்கும் மேற்பட்ட கொயோட்டிகளைக் கொன்றுவந்திருக்கிறது. ஆயினும் இனம் குறையவில்லை. ஓர் இணை ஓர் எல்லையைப் பிடித்து வாழ்கிறது. அந்த இணை போனால், இடம் தேடி அலையும் இளம் விலங்குகள் அந்த எல்லையில் விரைவில் குடியேறிவிடுகின்றன. ஓர் ஈற்றில் சராசரியாக ஆறு குட்டிகள் பிறக்கின்றன.

எந்தக் கொயோட்டி ஆட்டைக் கொல்கிறது என்பது எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி. மெண்டோசினோ மாவட்டத்தில், கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான ஹோப்லேண்ட் ஆய்வு மையத்தில், பெஞ்சமின் சாக்ஸ், மைக்கேல் ஜேகர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 1990களில் கொயோட்டிகளுக்கு ரேடியோ பட்டை கட்டிப் பின்தொடர்ந்தார்கள். ஆடுகளைக் கொன்றவை பெரும்பாலும், மேய்ச்சல் நிலத்தைத் தம் எல்லைக்குள் வைத்திருந்த, இனப்பெருக்கம் செய்யும் இணைகளே என்று அவர்கள் கண்டார்கள். வழக்கமான ஒழிப்பு முறைகளில் எளிதாகச் சிக்கியவையோ, பெரும்பாலும் ஆடுகளைத் தொடாத இளம் விலங்குகள். பண்ணையாளர்கள் கொன்ற விலங்குகளின் எண்ணிக்கையைச் சொல்லி ஆறுதல் தேடும்போதெல்லாம் இந்த முடிவைத்தான் நான் அவர்களிடம் விளக்குகிறேன்.

ஊதி அழைப்பதிலும் இதே கதைதான் நடக்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் பிறந்த குட்டிகள் இலையுதிர் காலத்தில் தாய் தந்தையை விட்டுப் பிரிந்து திரியத் தொடங்கும். பசியும் அனுபவமின்மையும் சேர்ந்த அந்த வயதில், முயலின் கதறலைக் கேட்டதும் நேராக ஓடிவரும். எல்லையை ஆளும் முதிர்ந்த விலங்கு அப்படி வருவதில்லை. ஒலி வந்த இடத்தைச் சுற்றி வளைத்து, காற்று வீசிச் செல்லும் பக்கமாகப் போய் நின்று மோந்து பார்க்கும். அங்கே மனித வாடை அடித்தால் ஓசையின்றித் திரும்பிவிடும். ஊதியவர் எதையும் பார்த்திருக்க மாட்டார். இங்கே கொயோட்டியே இல்லை என்று எழுந்து போவார். அந்த விலங்கோ அன்று ஒரு பாடம் கற்றிருக்கும்: இந்த ஒலி கேட்டால் அங்கே மனிதன் இருப்பான். தவறிப்போன குண்டும், இணையில் ஒன்று விழ மற்றொன்று தப்பி ஓடுவதும் இதைவிடக் கடுமையான பாடங்கள். மின்னணு ஒலிக்கருவிகள் பெருகிய பிறகு, வாரந்தோறும் ஒரே வேலியோரத்தில் ஒரே முயலின் பதிவு செய்யப்பட்ட கதறலைப் பலரும் ஒலிக்கவிடுகிறார்கள். இதனால் இளசுகள் சாகின்றன; ஆட்டைக் கொல்லும் இணையோ நாளுக்கு நாள் தேர்ச்சி பெறுகிறது.

ஆகவே, என்னிடம் கேட்பவர்களிடம் முதலில் செத்த ஆட்டைக் காட்டச் சொல்கிறேன். கழுத்துத் தோலை உரித்துப் பார்க்காமல் எந்த முடிவுக்கும் வரக் கூடாது. கொயோட்டி பெரும்பாலும் தாடைக்குக் கீழே, தொண்டையைக் கவ்வி மூச்சடைக்கச் செய்து கொல்லும். தோலின் உட்புறத்தில், சிறிய பல் துளைகளைச் சுற்றி, கருஞ்சிவப்பாக இரத்தம் கட்டியிருந்தால், கடி விழுந்தபோது ஆட்டுக்கு உயிர் இருந்தது என்று பொருள். துளைகள் இருந்தும் தசை வெளிறிக் கிடந்தால், வேறு காரணத்தால் இறந்த ஆட்டைப் பின்னர் தின்றிருக்கிறது. பின்தொடையும் காதும் கண்டபடி கிழிந்து, பல ஆடுகள் காயத்தோடு நின்றால், அக்கம்பக்கத்து வீட்டு நாய்களைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். குளிரிலும் பால் கிடைக்காமலும் இறந்த குட்டிகளின் பழியைக் கொயோட்டி சுமப்பதும் நடக்கிறது.

கொன்றது கொயோட்டிதான் என்று உறுதியானாலும், துப்பாக்கிக்கு முன் செய்ய வேண்டியவை இருக்கின்றன. கிரேட் பிரனீஸ், அனடோலியன் ஷெப்பர்ட் போன்ற காவல் நாய்களைக் குட்டியிலிருந்தே ஆடுகளோடு வளர்ப்பது, இரவில் மின்வேலியிட்ட பட்டியில் அடைப்பது, நஞ்சுக்கொடியையும் செத்த ஆடுகளையும் மேய்ச்சல் நிலத்தில் கிடக்கவிடாமல் அகற்றுவது ஆகியவை பயன் தருவதை நான் நேரில் கண்டிருக்கிறேன். காவல் நாய்க்கு ஆகும் தீவனச் செலவு சிறிய பண்ணைக்குப் பெரிய சுமை என்பதையும் அறிவேன். அப்படியிருந்தும் அதையே முதலில் பரிந்துரைக்கிறேன்.

இவற்றுக்குப் பிறகும் கொலை தொடர்ந்தால், அந்த இணையை மட்டும் குறிவைத்து அழைக்க வேண்டும். அதற்கு ஏற்ற காலம், இணை சேரும் சனவரி, பிப்ரவரி மாதங்கள். அப்போது முயலின் கதறலைவிட, அந்நியக் கொயோட்டி ஒன்று தனியாக ஊளையிடும் குரலுக்கே எல்லை காக்கும் இணை எழுந்து வரும். இரையின் மேல் உள்ள ஆசையை அடக்கத் தெரிந்த விலங்கும் எல்லைமீறலைப் பொறுத்துக்கொள்வதில்லை. ஏப்ரலுக்குப் பிறகு குட்டிகளின் அலறலை ஒலிக்கச் செய்து பெற்றோரை வரவழைப்பது எளிது என்று பலர் சொல்வார்கள். அதை நான் பரிந்துரைப்பதில்லை. பெற்றோர் இறந்தால், பாலுக்குக் காத்திருக்கும் குட்டிகள் வளைக்குள்ளேயே பட்டினியால் சாகும்.

வண்டியை மேட்டுக்கு மறுபுறம் நிறுத்திக் கதவை ஓசையின்றிச் சாத்துங்கள். வானத்தின் பின்னணியில் உருவம் தெரியும்படி முகட்டின்மேல் நடக்காதீர்கள். காற்று குறுக்காக வீசும்படி அமர்ந்து, அது போகும் பக்கத்தில் நன்றாகப் பார்வைபடும் வெட்டவெளி இருக்கும்படி இடத்தைத் தேர்ந்தெடுங்கள். முதுகுக்குப் பின்னால், தோளைவிட அகலமான ஓக் மரமோ பாறையோ இருக்க வேண்டும். இரையின் குரலைக் கேட்டுப் பூமா என்னும் மலைச் சிங்கம் வருவதும் உண்டு, குரலை நம்பி வேறொரு வேட்டைக்காரர் குறிபார்ப்பதும் உண்டு. மெல்லிய ஒலியில் தொடங்குங்கள். குரல் கொடுத்துவிட்டு நீண்ட நேரம் மௌனமாக இருங்கள். அரை மணி நேரமாவது அசையாமல் இருங்கள். உறுதியான குறி கிடைக்காவிட்டால் சுடாதீர்கள். எதுவும் வராவிட்டாலும், வந்தபடியே ஓசையின்றி வெளியேறி, அந்த இடத்துக்குப் பல வாரங்களுக்குத் திரும்பாதீர்கள்.

குறிபார்க்கும்போது அது ஓநாய் அல்ல என்பதை ஐயமின்றி அறிந்திருக்க வேண்டும். 2011இன் இறுதியில் ஓஆர்-7 என்ற ஆண் ஓநாய் ஓரிகனிலிருந்து எல்லை கடந்து வந்த பிறகு, வடக்குக் கலிஃபோர்னியாவில் ஓநாய்க் கூட்டங்கள் மீண்டும் உருவாகியுள்ளன. அவற்றைக் கொல்வது குற்றம். குளிர்கால மயிரில் கொயோட்டி பருத்துத் தோன்றும். உடல் பருமனை நம்பாமல், குறுகிய மூஞ்சியையும் நீண்டு கூர்ந்த காதுகளையும் பாருங்கள். பரிசுக்காகக் கொயோட்டிகளைக் கொன்று குவிக்கும் போட்டிகளை இம்மாநிலம் 2014 டிசம்பரில் தடை செய்தது; அம்முடிவை நான் முழுமனத்தோடு ஆதரிக்கிறேன். 2019 சூலை 1 முதல் வேட்டையில் ஈயக் குண்டுகளுக்கும் தடை உள்ளது. ஈயத் துகள் கலந்த சடலத்தைத் தின்னும் கழுகுகளும், காண்டோர் என்னும் பெரிய பிணந்தின்னிப் பறவைகளும் நஞ்சேறி இறப்பதே அதற்குக் காரணம்.

இறந்த விலங்கை வெறுங்கையால் தொடாதீர்கள். உடல் குளிரும்போது உண்ணிகளும் தெள்ளுகளும் அதைவிட்டு இறங்கி உங்கள் மேல் ஏறும். மேற்கு மாநிலங்களில் தெள்ளுகள் வழியாகப் பிளேக் பரவும் வாய்ப்பு இன்றும் இருக்கிறது. கையுறை அணியுங்கள், வீட்டு நாயை அருகே விடாதீர்கள். தள்ளாடியபடியோ மனிதரைக் கண்டு அஞ்சாமலோ வந்த விலங்கானால், வெறிநோய்ச் சோதனைக்குத் தலை தேவைப்படும் என்பதால், தலையில் சுடாமல் மாவட்டச் சுகாதாரத் துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.

ஆடுகள் சாவது நின்றுவிட்டால் ஊதலை எடுத்து வைத்துவிடுங்கள். அதன் பிறகும் குன்றிலிருந்து மாலையில் ஊளை கேட்கலாம். ஆட்டைத் தொடாத ஓர் இணை அந்த எல்லையைப் பிடித்திருக்கும்வரை, அங்கே வேறு கொயோட்டிகள் குடியேற அது விடாது. அந்த இணையைச் சுடுவதற்கு உங்களுக்குக் காரணம் இல்லை.