மருந்து அடித்த கன்டெய்னரும் கார்பனின் முதுகுப்பக்கமும்

மாதவரம் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டு, மே மாத நண்பகல். இறக்குமதிச் சரக்கு இறக்க உள்ளே போன லோடுமேன் ஒருவர் அரை மணி நேரத்தில் தலைவலி, குமட்டல் என்று வெளியே வந்து உட்கார்ந்துவிட்டார். வெயில்தான் காரணம் என்று மோர் வாங்கிக் கொடுத்திருந்தார்கள். காற்றைச் சோதிக்க நான் மீட்டரோடு போனபோது அவரே கேட்டார்: "வாசனையே இல்லையே சார், கேஸ் எங்கேர்ந்து வரும்?"

மீட்டர் காட்டியது மெத்தில் புரோமைடு. பூச்சி, வண்டு கப்பலேறி நாடு விட்டு நாடு போகாமல் இருக்க அடிக்கும் வாயு. மரப் பேக்கிங்குக்கு, 21 டிகிரிக்கு மேல் வெப்பம் இருந்தால், கனமீட்டருக்கு 48 கிராம் வீதம் 24 மணி நேரம் அடைத்து வைப்பார்கள். ஓசோனைக் கெடுப்பதால் மான்ட்ரியல் ஒப்பந்தம் இதன் மற்றப் பயன்பாடுகளை ஒழித்தாலும், ஏற்றுமதி, இறக்குமதிச் சரக்குக்கு விலக்கு தந்திருக்கிறது. அதனால் மணலி, திருவொற்றியூர் யார்டுகளில் வேலை செய்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டே ஆகவேண்டும்.

ஒரு கார்பன், அதில் மூன்று ஹைட்ரஜன், ஒரு புரோமின்: இத்தனை சின்ன மூலக்கூறு ஏன் இவ்வளவு கெடுதல் செய்கிறது? பள்ளி வேதியியலில் படித்த கொள்ளிடத் தடை, அதாவது சுற்றி நிற்கும் அணுக்களின் நெரிசல், இதில் மிகக் குறைவு என்பதுதான் பதில். எஸ்என்2 என்ற ஒரே படியில் நடக்கும் வினையில் கருக்கவர் பொருள் (எலக்ட்ரான் இணையைக் கொடுத்து ஒட்டும் பொருள்), ஹாலஜன் (இங்கே புரோமின்) இருக்கும் பக்கத்துக்கு நேர் எதிரே, கார்பனின் முதுகுப்பக்கமாக வந்து ஒட்டும். அதே நேரத்தில் ஹாலஜன் கழன்றுவிடும். லாரியின் பின்கதவுக்கு முன்னால் மூட்டைகளை அடுக்கிவிட்டால் லோடுமேன் கதவை நெருங்க முடியாதல்லவா, அப்படித்தான். மெத்திலில் அடைத்து நிற்பவை மூன்று ஹைட்ரஜன் மட்டுமே; வழி திறந்து கிடக்கிறது. ஈத்தைல் புரோமைடின் வேகத்தை 1 என்று வைத்தால் மெத்திலுக்கு ஏறக்குறைய 30, நெரிசல் கூடிய ஐசோபுரோப்பைலுக்கு 0.025. நியோபென்டைலில் ஹாலஜன் இருப்பது ஓரிணையக் கார்பனில்தான், அதாவது வேறு ஒரே ஒரு கார்பனோடு மட்டும் இணைந்த கார்பனில். ஆனாலும் பக்கத்துக் கார்பனில் நிற்கும் மூன்று மெத்தில் தொகுதிகளின் நெரிசலால் 0.00001-க்கு இறங்கிவிடும். எனக்கு இந்த எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் இன்னும் வியப்புதான்.

மூவிணைய ஹாலைடு (மூன்று கார்பன்களோடு இணைந்த கார்பனில் ஹாலஜன் இருப்பது) இந்த வழியில் அசையவே அசையாது. அதற்காக அது சாதுவல்ல: தண்ணீர் பட்டால் ஹாலைடைத் தானே உதறி, கார்பன் நேரயனி (நேர்மின்சுமை ஏறிய கார்பன்) வழியாக வினைபுரிந்து அமிலத்தைக் கக்கும். மாணவர்கள் இதைத்தான் மறக்கிறார்கள்.

நம் உடம்பில் கருக்கவர் பொருளுக்குப் பஞ்சமில்லை. புரதங்களில் இருக்கும் சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தின் கந்தகம், செல்லைக் காக்கும் குளூட்டாதயோனின் கந்தகம் இரண்டுமே மெத்திலை எளிதாகப் பிடித்துக்கொள்ளும். ஒட்டிய மெத்தில் லேசில் விடாது. நரம்பும் நுரையீரலும் அடிவாங்கும். நடுக்கமும் வலிப்பும் சில மணி நேரம், சிலருக்கு இரண்டு நாள் கழித்துக்கூட வரலாம். முறிமருந்து கிடையாது.

சில சிலிண்டர்களில், கண் எரிந்து எச்சரிக்கட்டும் என்று, 2% குளோரோபிக்ரின் கலப்பார்கள். அதை நம்பாதீர்கள், அது முன்னதாகவே சரக்கில் உறிஞ்சப்பட்டுவிடலாம். வாயு காற்றைவிட மூன்று மடங்குக்கு மேல் கனம், தரையோடு தேங்கும். அட்டைப்பெட்டியும் மரமும் குடித்த வாயுவை மெதுவாக வெளியே விடும். காலையில் சுத்தமாக இருந்த கன்டெய்னரில் கதவு மூடியபின் மறுபடி ஏறும். துணி மாஸ்க்கால் எந்தப் பயனும் இல்லை. கதவைத் திறந்து காற்றாட விட்டு, தரையோரத்திலும் சரக்கின் இடுக்கிலும் மீட்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் உள்ளே காலை வைக்க வேண்டும்.

யாராவது மயங்கினால் அவசரத்தில் பின்னாலேயே ஓடி உள்ளே நுழையாதீர்கள். வெளியே கொண்டுவந்தபின் ஷூவையும் சட்டையையும் கழற்றிவிடுங்கள், ஷூவின் தோலும் ரப்பரும் இந்த வாயுவைப் பிடித்து வைத்துக்கொள்ளும். டாக்டரிடம் "வெயில்" என்று சொல்லாமல் "மெத்தில் புரோமைடு" என்று பெயரைச் சொல்லுங்கள். அந்த லோடுமேனையும் மோர் டம்ளரோடு அப்படித்தான் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். இரண்டு நாள் கண்காணிப்பில் வைத்திருந்தார்கள்.