நீரிழப்பு: உடம்பு காட்டும் குறிகளும் அவை ஏமாற்றும் இடங்களும்

"நான் நிறையத்தான் தண்ணீர் குடிக்கிறேன்." தலைசுற்றல், தலைவலி, நீர்க்கடுப்பு என்று வருகிறவர்கள் அடிக்கடி சொல்வது இது. நிறைய என்றால் எத்தனை டம்ளர் என்று கேட்டால் கணக்கு மூன்று, நான்கில் நின்றுவிடும். கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தீர்கள், என்ன நிறத்தில் போனது என்று கேட்டால்தான் நிலவரம் புரியும். ஆகவே நீரிழப்பைப் பற்றிய பேச்சை வாயிலிருந்து அல்ல, சிறுநீரிலிருந்து தொடங்குவது உத்தமம்.

வளர்ந்தவரின் எடையில் சுமார் 60 சதவீதம் தண்ணீர். பச்சைக் குழந்தைக்கு 75 சதவீதம் வரை இருக்கும். முதுமையில் 50 பக்கம் இறங்கிவிடும். உடம்பில் தண்ணீர் குறைந்து இரத்தத்தில் சோடியத்தின் செறிவு ஏறியதும் மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைப்போதலாமஸ் இரண்டு காரியம் செய்கிறது. வாசோப்ரெஸ்ஸின் என்ற ஹார்மோனை விடுவித்து, தண்ணீரை விடாமல் பிடித்துவைக்கும்படி சிறுநீரகத்தைத் தூண்டுகிறது. அதன் பிறகுதான் தாகத்தைக் கிளப்புகிறது. அதனால் நா வறளும் முன்பே சிறுநீர் அளவில் குறைந்து நிறம் அடர்ந்திருக்கும். தாகம் நன்றாகத் தெரியும் வேளையில் எடையில் 1 முதல் 2 சதவீதம் வரை நீர் போயிருக்கும். 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 600 மி.லி. முதல் 1.2 லிட்டர்.

வெளிறிய வைக்கோல் நிறத்தில் சிறுநீர் போனால் கவலை இல்லை. அடர்மஞ்சளும் காட்டமான வாடையும் வந்தால் குடித்தது போதவில்லை. தேன் நிறத்துக்கும் பழுப்புக்கும் போய், அளவும் சுருங்கிவிட்டால் தாமதிக்கக் கூடாது. அளவுக்கும் ஒரு கணக்கு உண்டு: வளர்ந்தவருக்குக் கிலோவுக்கு மணிக்கு 0.5 மி.லி.யாவது வெளியேற வேண்டும். 60 கிலோ எடை என்றால் நாளுக்கு 700 மி.லி.க்குக் கொஞ்சம் மேலே. இது குறைந்தபட்சம்தான், இதுவே இலக்கு அல்ல.

ஆனால் நிறமும் ஏமாற்றும். காலையில் போகும் முதல் சிறுநீர் எல்லோருக்கும் அடர்ந்துதான் இருக்கும்; அதை வைத்து முடிவுக்கு வர வேண்டாம். பி வைட்டமின் மாத்திரை போட்டால் பளீர் மஞ்சளாகப் போகும். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் ஆரஞ்சு நிறம் கொடுக்கும். எவ்வளவு குடித்தும் நிறம் இறங்கவில்லை, கண்ணும் மஞ்சளாக இருக்கிறது என்றால் அது மஞ்சள் காமாலையாக இருக்கலாம். இதைவிட ஆபத்தானது நேர் எதிரான ஏமாற்று. இரத்தச் சர்க்கரை கட்டுக்கு மீறிப் போனவருக்குச் சிறுநீரில் இறங்கும் சர்க்கரை தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. சிறுநீர் வெளுப்பாக, தாராளமாக, மணிக்கொரு தரம் போகும். உள்ளே உடம்பு காய்ந்துகொண்டிருக்கும். இங்கே வெளுத்த நிறத்தைப் பார்த்து நிம்மதி அடைவது தப்பு.

வாய் பிசுபிசுப்பு, தலைவலி, காரணமில்லாத எரிச்சல், வேலையில் கவனம் நிற்காமை, மலச்சிக்கல், கெண்டைக்கால் பிடிப்பு எல்லாம் பல நோய்களுக்கும் பொதுவானவை. அவற்றைத் தனியாக நம்ப முடியாது. எழுந்து நிற்கும்போது கண் இருட்டிக்கொண்டு வருவது கொஞ்சம் உறுதியான குறி. வீட்டில் இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி இருந்தால் சோதித்துப் பார்க்கலாம். ஐந்து நிமிடம் படுத்திருந்து ஒரு முறை அளக்க வேண்டும். பிறகு எழுந்து நின்று, மூன்று நிமிடத்துக்குள் மறுபடி அளக்க வேண்டும். மேல் அளவு 20 புள்ளியோ கீழ் அளவு 10 புள்ளியோ இறங்கினால் இரத்த ஓட்டத்தில் போதிய நீர் இல்லாமல் இருக்கக்கூடும். சில இரத்த அழுத்த மாத்திரைகளும், நாள்பட்ட நீரிழிவில் வரும் நரம்புச் சேதமும் இதே மாதிரி இறக்கிக் காட்டும் என்பதையும் மனதில் வைக்க வேண்டும். நிற்கும்போது யாராவது பக்கத்தில் இருப்பது அவசியம். விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் சோதனையே வினையாகிவிடும்.

முதியவர்களிடம் தாக உணர்வே மங்கிவிடுகிறது. தண்ணீரைச் சேமிக்கும் திறனும் சிறுநீரகத்தில் குறைகிறது. இரண்டும் போதாதென்று, ராத்திரி எழுந்து நடக்க வேண்டுமே, உடையில் பட்டுவிடுமே என்று பயந்து வேண்டுமென்றே குடிக்காமல் இருப்பார்கள். தோலைக் கிள்ளிப் பார்ப்பதும் இவர்களிடம் உதவாது. வயதான தோல் நீர் இருந்தாலும் மெதுவாகத்தான் படியும். நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று நேரம் மறக்கிறார், ஆளை மாற்றிக் கூப்பிடுகிறார், தூங்கித் தூங்கி விழுகிறார் என்றால் வயசாகிவிட்டது என்று விட்டுவிடாமல் நீர் குடித்த கணக்கைப் பாருங்கள். "தண்ணி வேணுமா?" என்று கேட்டால் வேண்டாம் என்றுதான் பதில் வரும். கேட்காமல் 150 மி.லி. போலக் கையில் கொடுத்தால் குடித்துவிடுவார்கள். நாளின் தேவையில் பெரும்பகுதியை மாலைக்குள் முடித்துவிட்டால் ராத்திரி நடையும் குறையும்.

குழந்தையிடம் தோலைக் கிள்ளும் சோதனை நன்றாக வேலை செய்யும், சரியாகச் செய்தால். புறங்கையில் அல்ல, வயிற்றில் பார்க்க வேண்டும்: தொப்புளுக்கும் விலாப்பக்கத்துக்கும் நடுவில். கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் தோலை நெடுக்குவாட்டில் மடிப்பாகத் தூக்கி, ஒரு நொடி பிடித்துவிட்டு விடுங்கள். நகம் படக் கூடாது. வலித்தால் குழந்தை வயிற்றை எக்கிக்கொள்ளும். மடிப்பு உடனே படிந்தால் நல்லது. கண்ணுக்குத் தெரியும்படி கொஞ்சம் நின்று படிந்தால் நீரிழப்பு தொடங்கிவிட்டது. இரண்டு நொடிக்கு மேல் நின்றால் அது தீவிரம். எலும்பும் தோலுமாக இருக்கும் குழந்தைக்கு நீர் இருந்தும் மெதுவாகப் படியும். கொழுகொழுவென்று இருக்கும் குழந்தைக்கு நீர் இல்லாமலும் சட்டென்று படியும். ஆகவே குழி விழுந்த கண், கண்ணீர் வராத அழுகை, உள்வாங்கிய உச்சிக்குழி, ஆறு மணி நேரமாக நனையாத டயப்பர் ஆகியவற்றையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். பெற்றோர் பெரும்பாலும் தவறவிடுவது ஒன்று உண்டு. ஆரம்பத்தில் குழந்தை சிணுங்கும், தண்ணீரைப் பார்த்தாலே பாய்ந்து குடிக்கும். நிலைமை முற்றியதும் அழுகை நின்று, கொடுத்தாலும் குடிக்காமல் துவண்டு படுத்துவிடும். 'அப்பாடா, தூங்கிட்டான்' என்று நினைக்கும் அந்த வேளைதான் மருத்துவமனைக்கு ஓட வேண்டிய வேளை.

வயிற்றுப்போக்கில் வெறும் தண்ணீர் போதாது. கூடவே உப்பும் போகிறது. குடலின் சுவரில் குளுக்கோஸும் சோடியமும் ஒன்றாகச் சேர்ந்து உள்ளே போக ஒரு வழி இருக்கிறது. வயிற்றுப்போக்கின்போதும் பெரும்பாலும் அது அடைபடுவதில்லை. அவை போகும் வழியே தண்ணீரும் போகிறது. ஓ.ஆர்.எஸ். எனப்படும் உப்பு-சர்க்கரைக் கரைசலின் சூட்சுமம் இதுதான். உலக சுகாதார நிறுவனத்தின் இப்போதைய அளவில் ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு, 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சிட்ரேட். பாக்கெட்டில் இந்த எண்களைப் பார்த்து வாங்குங்கள். குளிர்பானத்திலும் பழச்சாறிலும் சர்க்கரை பல மடங்கு அதிகம், உப்பு சொற்பம். அந்தச் சர்க்கரை குடலுக்குள் தண்ணீரை இழுத்து வயிற்றுப்போக்கைக் கூட்டும்.

பொடி நல்லதாக இருந்தும் கலக்குவதில்தான் கோளாறு. ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை 200 மி.லி. டம்ளரில் கொட்டினால் உப்பு ஐந்து மடங்காகிவிடும்; குழந்தைக்கு அது விஷம் போல. பாதிப் பொடியை இப்போது, மீதியை நாளைக்கு என்று பிரிப்பதும் கூடாது, உப்பும் குளுக்கோஸும் சரிசமமாகப் பிரியாது. முழுப் பாக்கெட்டையும் முழு லிட்டரில் கரையுங்கள். காய்ச்சி ஆறவைத்த நீரில் கரைக்கலாம். கரைத்த பிறகு காய்ச்சக் கூடாது. 24 மணி நேரத்தில் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். பாக்கெட் கிடைக்காத அவசரத்தில் ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பு. இதில் பொட்டாசியம் இல்லை என்பதால் பாக்கெட் கிடைத்ததும் மாறிவிட வேண்டும்.

நீரிழப்பு தொடங்கிவிட்ட குழந்தைக்கு முதல் நான்கு மணி நேரத்தில் கிலோவுக்கு 75 மி.லி. கணக்கு. 10 கிலோ குழந்தைக்கு 750 மி.லி.; மலைப்பாகத் தெரியும். ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு தேக்கரண்டி என்று ஊட்டினால் தானாக முடிந்துவிடும். டம்ளரோடு வாயில் கவிழ்த்தால் அத்தனையும் வாந்தியாக வரும். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டுவிட்டு இன்னும் மெதுவாகத் தொடருங்கள். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது.

நோயில்லாத நாளில் எவ்வளவு குடிப்பது? ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010இல் சொன்னது, பெண்ணுக்கு 2 லிட்டர், ஆணுக்கு 2.5 லிட்டர், உணவில் இருக்கும் நீர், பால், டீ, காபி எல்லாம் சேர்த்து. ஆக எல்லோருக்கும் எட்டு டம்ளர் என்பது சட்டமல்ல. சிறுநீரகக் கல் வந்தவருக்கு நாளுக்கு 2.5 லிட்டர் சிறுநீரே வெளியேற வேண்டும் என்பதால் அதற்கு மேலும் குடிக்க வேண்டியிருக்கும். வெயிலில் வேலை செய்பவர் தாகத்துக்குக் காத்திராமல் 15-20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர் குடிப்பது நல்லது. வேலைக்கு முன்னும் பின்னும் எடை பார்த்தால் குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்வை. ஆனால் மணிக்கு ஒன்றரை லிட்டரைத் தாண்டி வெறும் தண்ணீரை ஊற்றிக்கொண்டே போனால் இரத்தத்தில் சோடியம் நீர்த்து, குழப்பம், வாந்தி, வலிப்பு வரை போகும்.

ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு வெறும் தண்ணீர் வேண்டாம். தாய்ப்பாலிலேயே தேவையான நீர் இருக்கிறது. இதயச் செயலிழப்பு உள்ளவரும் டயாலிசிஸ் செய்பவரும் மருத்துவர் சொன்ன அளவைத்தான் பின்பற்ற வேண்டும். நிறையக் குடிக்கச் சொல்லும் எந்தக் கட்டுரையும், இது உட்பட, அவர்களுக்கானது அல்ல.

மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். உடல் சூடு 40 டிகிரி செல்சியஸ் தாண்டிப் புத்தி தடுமாறினால் அது வெப்பத்தாக்கு. உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். இரத்தம் கலந்த மலம், நிற்காத வாந்தி, எட்டு மணி நேரமாகச் சிறுநீரே இல்லை என்றாலும் மருத்துவமனைதான். சிறுநீர் பிரிக்கும் மாத்திரை, நீரிழிவுக்குத் தரும் மெட்ஃபார்மின், சில இரத்த அழுத்த மாத்திரைகள் போடுபவருக்கு வாந்தியும் பேதியும் கண்டால், அவற்றைத் தொடர்வதா, ஓரிரு நாள் நிறுத்துவதா என்று அன்றே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். உடம்பு வலிக்கிறதென்று ஐபுபுரோஃபெனோ டைக்ளோஃபெனாக்கோ போட வேண்டாம். நீர் வற்றிய சிறுநீரகத்தை அது மேலும் நசுக்கும். கிளம்பும்போது மாத்திரை அட்டைகளை எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை முறை பேதி, எவ்வளவு குடித்தார், கடைசியாகச் சிறுநீர் கழித்தது எத்தனை மணிக்கு என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டு போனால், முதல் பத்து நிமிடம் கேள்வி கேட்பதில் கழியாது.