எல்லாம் நார்மல்தானே, டாக்டர்?

வேலூர்ப் பக்கம் மருத்துவம் பார்ப்பவர்களின் காதில் அதிகம் விழும் ஆங்கிலச் சொல் நார்மல்தான். குடியாத்தத்திலிருந்தும் ஆம்பூரிலிருந்தும் பஸ் ஏறி வருகிறவர்கள், உட்காருவதற்குள் இரத்தப் பரிசோதனைத் தாளை நீட்டி, "எல்லாம் நார்மல்தானே, டாக்டர்?" என்பார்கள். ஆம் என்று சொல்லிவிட்டால் மேற்கொண்டு எதுவும் காதில் ஏறாது.

சொல் பிறந்த இடம் தச்சுப் பட்டறை. லத்தீனில் நோர்மா என்றால் மூலைமட்டம். அதற்குப் பொருந்தி நிற்பது நார்மல். கணிதத்தில் இன்றும் செங்குத்துக் கோட்டுக்கு அதே பெயர். 'வழக்கமானது' என்ற பொருள் ஆங்கிலத்தில் 19ஆம் நூற்றாண்டில்தான் பரவலானது.

நோயாளிகள் அந்தப் பழைய பொருளில்தான் கேட்கிறார்கள்: கோணல் இல்லையே? ஆய்வகத் தாள் பேசுவதோ பிந்தைய பொருளில். ஆரோக்கியமானவர்கள் பலரைச் சோதித்து, நடுவில் வரும் 95 சதவீதத்தினரின் அளவையே பெரும்பாலும் வரம்பாக அச்சிடுகிறார்கள். மீதி 5 சதவீதத்தினரும் ஆரோக்கியமானவர்களே. ஒருவருக்கே 20 சோதனைகள் செய்தால், ஒன்றாவது வரம்பு தாண்டியதாகத் தடித்த எழுத்தில் வர வாய்ப்பு அதிகம். முழு உடல் பரிசோதனை விற்பவர்கள் இதைச் சொல்லக் காணோம்.

எனக்குக் கவலை தருவது இதன் மறுபக்கம். கிரியாட்டினின் தசையிலிருந்து இரத்தத்தில் சேரும் கழிவு; அதை வடிகட்டி வெளியேற்றுவது சிறுநீரகம். 70 வயது அம்மாவுக்கு அது 1.2 என்றால் பல ஆய்வகங்களின் தாளில் வரம்புக்குள் அடங்கிவிடும். வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், சிறுநீரகம் வடிகட்டும் வேகம் நிமிடத்துக்கு 50 மில்லிக்கும் கீழே நிற்கும். மூன்று மாதத்துக்கு மேல் 60க்குக் கீழே நீடித்தாலே அது நாள்பட்ட சிறுநீரக நோய். தசை கட்டிய இளைஞருக்கோ நோயே இல்லாமல் 1.4 வரலாம். அக்னி நட்சத்திரத்தில் தண்ணீர் குடிக்காமல் அலைந்துவிட்டு வந்தாலும் அளவு ஏறும்; அவர்களுக்கு மறுபடி சோதிக்கச் சொல்வேன்.

ஆகவே பழைய தாள்களையும் கொண்டு வாருங்கள். போன வருடம் 0.7, இப்போது 1.1 என்றால் இரண்டும் வரம்புக்குள்தான்; ஆனாலும் நான் விசாரிப்பேன். கைபேசியில் படம் எடுப்பவர்கள் பக்கத்து வரம்புப் பத்தியையும், தேதியையும், ஆய்வகத்தின் பெயரையும் சேர்த்தே எடுங்கள். எண்ணை மட்டும் வெட்டி அனுப்பினால் எதோடு ஒப்பிடுவது?