பழைய உடையைத் துவைத்துவிட்டுக் கொண்டுவராதீர்கள்

மறுபடியும் ஒரு 1920களின் உடை. மெல்லிய பட்டில், கழுத்திலிருந்து விளிம்புவரை கண்ணாடி மணியும் சீக்வின்ஸும் (மினுங்கும் சின்ன வட்டத் தகடுகள்) வைத்துத் தைத்த மாலைநேர கவுன். மூன்று தலைமுறையாகப் பெட்டிக்குள் பத்திரமாக இருந்திருக்கிறது. கண்காட்சிக்குத் தரலாம் என்று வீட்டில் முடிவானதும், அழுக்காகக் கொடுக்கக் கூடாதே என்று வாஷிங் மெஷினில், மென்துணிக்கான சுற்றில், வெந்நீரில் போட்டு எடுத்திருக்கிறார்கள். என் மேசைக்கு வந்தபோது சீக்வின்ஸ் பிசினாகி, துணியோடு துணியை ஒட்டிவிட்டிருந்தது. அந்தக் காலத்துச் சீக்வின்ஸில் ஏராளமானவை ஜெலட்டினால் செய்தவை. வெந்நீர் பட்டால் மிஞ்சாது.

பழைய துணிகளைப் பாதுகாத்துச் சீர்செய்வது என் தொழில். என்னிடம் வரும் உடைகளில் காலம் கெடுத்தவற்றைவிட, கொண்டுவருவதற்கு முந்தின வாரம் வீட்டில் "சுத்தம்" செய்து கெட்டவைதான் என்னை அதிகம் வருத்துகின்றன. அன்பாகச் செய்த காரியம் என்பதால் யாரையும் கடிந்துகொள்ளவும் மனம் வருவதில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

எல்லோரும் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றே: "அந்தக் காலத்திலும் உடுத்தினார்கள், வியர்த்தார்கள், துவைத்தார்கள். நாங்கள் துவைத்தால் மட்டும் என்ன?" இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன். மற்ற தவறுகள் எல்லாம் இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

அந்தக் காலத்தவர்கள் இந்த மாதிரி மேலுடையைத் துவைக்கவில்லை. இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும். ஐரோப்பாவில் நூற்றாண்டுக் கணக்காக உடம்பைத் தொட்டது லினன் உள்சட்டை. வியர்வையை அது வாங்கிக்கொண்டது. அதைத்தான் சாம்பல் கார நீரில் ஊறவைத்து, அடித்துத் துவைத்து, புல்வெளியில் விரித்து வெயிலில் வெளுத்தார்கள். அதற்கு மேலே போட்ட பட்டு, வெல்வெட், கம்பளி உடைகள் தண்ணீரைப் பார்த்ததே அரிது. தூசியைத் தட்டினார்கள், பிரஷ் போட்டார்கள், எண்ணெய்க் கறையில் உறிஞ்சும் களிமண் பொடி தூவி எடுத்தார்கள், காற்றாட விட்டார்கள். 17ஆம் நூற்றாண்டு பிரான்ஸில் ஒருவர் சுத்தமானவரா என்பதைக் கழுத்திலும் மணிக்கட்டிலும் வெளியே தெரியும் வெள்ளை லினனை வைத்துத்தான் எடைபோட்டார்கள். கோட்டு துவைத்ததா என்று யாரும் கேட்கவில்லை.

கொஞ்சம் கவனித்தால், உடையின் வரலாற்றில் பாதி இந்த வேலைதான்: துவைக்க வேண்டிய பாகத்தைத் துவைக்கக் கூடாத பாகத்திலிருந்து பிரிப்பது. 16ஆம் நூற்றாண்டு ஓவியங்களில் தட்டு மாதிரி விரிந்திருக்கும் அந்தக் கழுத்துப்பட்டை தனியாகக் கழற்றிக் கஞ்சி போடக்கூடியது. அமெரிக்காவில் ட்ராய் நகரத்தின் ஹன்னா மாண்டேக் என்ற பெண், கணவரின் சட்டையில் காலர் மட்டும் அழுக்காவதைப் பார்த்து 1827இல் அதை வெட்டித் தனியாகத் துவைத்தார் என்பார்கள். பிறகு அந்த ஊரே கழற்றும் காலர் செய்யும் தொழிலில் பெயர் வாங்கியது. 19ஆம் நூற்றாண்டின் பட்டு கவுன்களுக்கு அக்குளில் வியர்வை உறிஞ்சத் தனித் துண்டு வைத்தார்கள். தரையைத் தொடும் பாவாடையின் உள்விளிம்பில் ஒரு நாடா தைத்திருக்கும். சேறும் தேய்மானமும் அதற்குத்தான். நைந்தால் பிரித்துவிட்டு வேறு நாடா. இந்த ஏற்பாடு எல்லாம் எதற்கு? மேலுடையைத் தண்ணீரில் போடாமல் இருக்க.

ஜப்பானியர்கள் பட்டுக் கிமோனோவைத் துவைத்தார்களே என்று ஒருவர் வாதாடினார். துவைத்தார்கள். எப்படி? தையல் முழுவதையும் பிரித்து, துண்டுகளை மறுபடி ஒரே நீளத் துணியாக இணைத்து, அலசி, கஞ்சியிட்டு, இழுத்துக் கட்டிக் காயவைத்து, திரும்ப உடையாகத் தைத்தார்கள். அராய்ஹரி என்று அந்த முறைக்குப் பெயர். நேர்நேரான துண்டுகளாக வெட்டிய உடை என்பதால் அது முடிந்தது. உள்ளே வடிவம் நிற்க வைக்கும் இருபது எலும்புக்குச்சிகளும் மூன்று அடுக்கு லைனிங்கும் வைத்துத் தைத்த ஒரு ரவிக்கையை அப்படிப் பிரித்துச் சேர்க்க முடியாது.

நிறம் போகாமல் துவைக்கக்கூடிய வண்ணத் துணி என்பதே உலகின் பெரும்பகுதிக்கு அதிசயமாக இருந்த காலம் உண்டு. கோரமண்டல் கரையிலிருந்து கப்பலேறிய சாயப் பருத்தி ஐரோப்பாவை அப்படி மயக்கியது. உள்ளூர் நெசவாளர்களைக் காப்பாற்ற பிரான்ஸ் 1686இல் அதற்குத் தடை போட்டது. இங்கிலாந்து 1721இல் சட்டம் கொண்டுவந்தது. துவைத்தாலும் மங்காத நிறம் அந்தத் துணியின் பெரிய கவர்ச்சி. அப்படியானால் மற்ற துணிகளின் நிலை என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்தது, "அந்தக் காலத் துணி கெட்டி" என்ற நம்பிக்கை. கெட்டியானது என்று நாம் நினைப்பது மிஞ்சியதை மட்டும் பார்ப்பதால்தான். தினமும் உடுத்தியவை கந்தலாகி, அந்தக் கந்தலும் காகித ஆலைக்குப் போயிற்று. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மரக்கூழ் வரும்வரை ஐரோப்பாவில் காகிதமே பெரும்பாலும் கந்தல் துணியில்தான் செய்தார்கள். நம் கைக்கு வந்திருப்பவை பெரும்பாலும் ஒன்றிரண்டு முறை உடுத்தி எடுத்துவைத்த விசேஷ உடைகள்.

அவற்றில் பட்டு நிலைமை இன்னும் மோசம். பட்டு இழையின் இயற்கைப் பசையை நீக்கும்போது எடையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு போய்விடும். பட்டு எடைக்கு விற்கும் சரக்கு. அந்த நஷ்டத்தை ஈடுகட்ட, சில சமயம் அதற்கு மேலும் ஏற்ற, தகர உப்புகளை இழைக்குள் ஊறவைத்தார்கள். கையில் எடுத்தால் கனமாக இருக்கும், நடந்தால் சரசரக்கும். வாங்கியவர்களுக்கும் அது பிடித்திருந்தது. 1880களிலிருந்து 1920கள் வரையிலான பட்டு உடைகளில், முக்கியமாக லைனிங்கில், நேர்க்கோடு கோடாகக் கிழிசல் தெரிந்தால் காரணம் இதுதான். பூச்சி அரிக்கவில்லை, யாரும் இழுக்கவில்லை. அந்தப் பட்டை நனைத்துப் பிழிந்தால் கையில் நார்தான் மிஞ்சும். இதற்கு மருந்து கிடையாது. கீழே வேறு துணி கொடுத்துத் தாங்கவைக்கலாம், அவ்வளவுதான்.

இரும்பு உப்பும் துவர்ப்புச் சத்தும் சேர்த்து எடுத்த கறுப்பு, பழுப்புச் சாயங்களும் இப்படித்தான். பழைய சாயத் துணிகளில் பூவின் நிறம் அப்படியே இருக்க, கறுப்பு வெளிக்கோடு இருந்த இடம் மட்டும் இற்றுப்போயிருக்கும். வில்லியம் பெர்கின் என்ற 18 வயது இளைஞர் 1856இல் செயற்கை ஊதாவைக் கண்டுபிடித்த பிறகு வந்த பல சாயங்கள் கண்ணைப் பறிக்கும். தண்ணீர் பட்டால் பக்கத்து வெள்ளை லேஸுக்கு ஓடும், வெளிச்சத்தில் வெளுக்கும். "ஒரு மூலையில் சோப்பு போட்டுப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை" என்பதை நம்பாதீர்கள். ஒரே உடையில் நாலு சாயமும் ஐந்து வகைத் துணியும் இருக்கும்.

சரி, தண்ணீர் வேண்டாம், ட்ரை கிளீனிங் கொடுக்கலாமா? கூடாது. பெயரில்தான் உலர், கரைப்பானில் முழுக்க நனைத்து உருட்டி எடுக்கிறார்கள். உருட்டலில் நைந்த இழை அறுகிறது. பழைய பிளாஸ்டிக் அலங்காரமும் ஒட்டுப்பசையும் கரைப்பானில் இளகிவிடும்.

அழுக்கைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், இது எனக்கு மிகவும் முக்கியம். எகிப்தின் டர்கானில் தொல்லியலாளர் பெட்ரியின் குழு 1913இல் தோண்டி எடுத்தவற்றில் அழுக்கேறிய லினன் கந்தல் மூட்டை ஒன்று இருந்தது. அதை அப்படியே வைத்துவிட்டார்கள். 1977இல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் பாதுகாப்புக் கூடத்தில் அதைப் பிரித்தபோது, நுண்ணிய மடிப்புகள் வைத்துத் தைத்த ஒரு சட்டை கிடைத்தது. கி.மு. 3482க்கும் 3102க்கும் இடைப்பட்டது என்று பிறகு கார்பன் சோதனை சொன்னது. நெய்த உடையில் நமக்குத் தெரிந்து மிகப் பழமையானது அதுதான். முழங்கையிலும் அக்குளிலும் கசங்கல் இருந்தது, உள்பக்கம் வெளியே திரும்பியிருந்தது. அதாவது யாரோ ஒருவர் உடுத்தி, தலைவழியாகக் கழற்றியிருக்கிறார். 1913இலேயே யாராவது அதை அலசி இஸ்திரி போட்டிருந்தால் இதெல்லாம் நமக்குத் தெரிந்திருக்காது. உங்கள் வீட்டு உடையில் இருக்கும் வியர்வைத் தடம், பிரித்துப் பெரிதாக்கிய தையல், ஒட்டுப்போட்ட துண்டு எல்லாமே அப்படிப்பட்ட சான்றுதான். இடுப்புப் பட்டையின் உள்ளே இருக்கும் லேபிளை வெட்டி எடுத்து சட்டம் போடும் வேலை வேண்டவே வேண்டாம். லேபிள் உடையோடு இருந்தால்தான் அது சான்று.

இனி செய்ய வேண்டியது. கை கழுவி, மோதிரம் கழற்றிவிட்டுத் தொடுங்கள். மணி வைத்த உடையையும் கிராஸாக (இழைக்கு மூலைவாட்டில்) வெட்டித் தைத்த உடையையும் ஹேங்கரில் மாட்டாதீர்கள். சொந்த எடையிலேயே கிழியும், இழுபடும். படுக்கைவாட்டில் வையுங்கள். மடிக்க வேண்டியிருந்தால் மடிப்புக்குள் அமிலமற்ற டிஷ்யூ பேப்பரைச் சுருட்டி வையுங்கள், வருஷத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள். துவைத்துக் கஞ்சி நீக்கிய காடாத்துணியில் சுற்றுங்கள். பிளாஸ்டிக் கவர் வேண்டாம், செய்தித்தாள் வேண்டாம், மரப்பலகையில் நேராக வைக்க வேண்டாம். அருங்காட்சியகங்களில் பழைய துணிக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தின் அலகு) என்ற மங்கலான வெளிச்சம்தான் விடுகிறார்கள். நீங்கள் கண்ணாடிச் சட்டம் போட்டு ஜன்னலுக்கு எதிரே மாட்டுகிறீர்கள். ஜரிகைக்கு எந்த மெருகுப் பசையும் தொடக் கூடாது. மேலே இருப்பது பூச்சுதான், தேய்த்தால் போய்விடும்.

அந்துருண்டை போடாதீர்கள். நாப்தலீன் ஊறிய துணியைப் போட்டு, ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள கைக்குழந்தைகளுக்கு ரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்த சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் இருக்கின்றன. குடும்பத்துப் பழைய குழந்தைச் சட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே குழந்தைக்குப் போடுபவர்கள் தயவுசெய்து இதை இரண்டு தடவை படியுங்கள். கம்பளியில் அந்துப்பூச்சி இருந்தால் பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் அல்லது அதைவிடக் கடுமையான குளிரில் இரண்டு வாரம் வைத்து, வெளியே எடுத்து ஒரு நாள் கழித்துப் பையைத் திறங்கள். மணி, தோல், வண்ணம் தீட்டிய துணி என்றால் இதைச் செய்யாமல் கேளுங்கள்.

ஆபத்தானவையும் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் பளிச்சென்ற பச்சைகளில் ஆர்சனிக் இருந்தது. 1861இல் லண்டனில் மட்டில்டா ஷூரர் என்ற 19 வயதுப் பெண், செயற்கை இலைகளுக்கு அந்தப் பச்சைப் பொடியைத் தூவும் வேலை செய்து இறந்துபோனார். அமெரிக்காவில் தொப்பி செய்யும் ஃபெல்ட்டுக்கு (ரோமத்தை அழுத்திச் செய்த துணி) பாதரசம் போடுவதை 1941இல்தான் நிறுத்தினார்கள். அப்படிப்பட்ட பச்சையும் பழைய ஃபெல்ட் தொப்பியும் கையுறையோடு தொட வேண்டியவை. தட்டவும் ஆவி பிடிக்கவும் வேண்டாம். செல்லுலாய்ட் என்ற பழைய வகை பிளாஸ்டிக்கில் செய்த சீப்பு, பொத்தான், காலர் இருந்தால் உடையோடு சேர்த்து வைக்காதீர்கள். சட்டென்று தீப்பிடிக்கும், கெட ஆரம்பித்தால் அமிலப் புகையும் விடும்.

போட்டோவுக்காக ஒருமுறை போட்டுப் பார்க்கலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். வரலாற்று மதிப்புள்ள உடைகளை யாருமே, எவ்வளவு பிரபலமானவரானாலும், உடுத்தக் கூடாது என்று அருங்காட்சியகங்களின் பன்னாட்டு மன்றம் 2022இல் வெளிப்படையாகவே சொன்னது. ஆசை நியாயமானதுதான். நல்ல தையற்காரர் ஒருவர் அளவெடுத்து அதேபோல ஒன்று தைத்துத் தரலாம். அதைப் போட்டு ஆடலாம், துவைக்கலாம்.

ஏற்கெனவே நனைத்துவிட்டீர்கள் என்றால் பிழியாதீர்கள், தூக்கிப் பிடிக்காதீர்கள். அடியில் துண்டு விரித்துத் தட்டையாகப் போட்டு, நிழலில் மின்விசிறிக் காற்றில் காயவிடுங்கள். ஹேர் டிரையர், இஸ்திரிப்பெட்டி இரண்டும் அருகே வரக் கூடாது. இன்னும் நனைக்காதவர்களுக்கு வேலை இன்னும் சுலபம்: முன்பக்கம், பின்பக்கம், உள்பக்கம், லேபிள் என்று நாலு படம் எடுங்கள், யார் எப்போது உடுத்தியது என்று தெரிந்ததை ஒரு தாளில் பென்சிலால் எழுதுங்கள், அருங்காட்சியகத்தில் துணிப் பிரிவு பார்க்கும் ஒருவருக்கு அனுப்பிக் கேளுங்கள். எங்களில் பலர் படம் பார்த்துப் பதில் சொல்வதற்குக் காசு கேட்பதில்லை.