கிளிக்கை எண்ணி ஊருக்குப் பெயர் வைக்காதீர்கள்

போன மாதம் கல்முனைப் பக்கத்துப் பாடசாலை ஒன்றின் கண்காட்சிக்குப் போயிருந்தேன். பதினோராம் ஆண்டுப் பிள்ளைகள் நம் கிழக்கிலங்கைப் பகுதியின் வரைபடத்தைப் பெரிதாக அச்சிட்டு ஒட்டியிருந்தார்கள். ஊர்ப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அந்த ஊரின் 'மிகப் புகழ்பெற்றவர்' பெயர், அதாவது விக்கிப்பீடியாவில் யாருடைய பக்கத்தை அதிகம் திறந்தார்களோ அவர் பெயர். மட்டக்களப்பில் திரைப்பட இயக்குநர் பாலு மகேந்திரா. அம்பாறை நகரத்தில் தமிழறிஞர் சுவாமி விபுலாநந்தர். காரைதீவு வெறுமையாகக் கிடந்தது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்த காரைதீவு ஐயா ஒருவர் என்னிடம் திரும்பி, "எங்கட ஊரில ஒருத்தரும் பிறக்கல்லையா தம்பி?" என்று கேட்டார்.

பதினான்கு வருடமாக வரைபடம் போடுவதுதான் என் தொழில். இந்த வருடத்தில் மட்டும் இப்படியான வரைபடம் என் கண்ணில் படுவது இது நான்காவது தடவை. முதல் மூன்றும் வாட்ஸ்அப்பில் சுற்றியவை, ஊருக்கு ஊர் சண்டை மூட்டிவிட்டுப் போயின. இது பிள்ளைகள் பாடுபட்டுச் செய்தது. பொறுப்பாசிரியரிடம் கேட்டால், "டேட்டா அப்படித்தான் சொல்லுது சேர்" என்றார். அந்த ஒரு வசனத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

டேட்டா அப்படிச் சொல்லவில்லை. விக்கிப்பீடியாவில் ஒரு பக்கத்தை எத்தனை தடவை திறந்தார்கள் என்று மட்டும்தான் அது சொல்கிறது. திறந்தவர் மதித்துத் திறந்தாரா, திட்டுவதற்காகத் திறந்தாரா, பரீட்சைக்கு முதல்நாள் பயத்தில் திறந்தாரா, பெயர் குழம்பி வேறொருவர் பக்கத்துக்குள் போய்விட்டாரா என்று அதற்குத் தெரியாது. கொலைக் குற்றவாளியின் பக்கத்தையும் மக்கள் திறப்பார்கள், மகானின் பக்கத்தையும் திறப்பார்கள். இரண்டும் ஒரே எண்ணிக்கைதான். அப்புறம், ஒருவரைப் பற்றிப் புத்தகத்தில் படித்தவர், கோயில் வீதியில் கேட்டவர், வகுப்பில் மனப்பாடம் செய்தவர் எவரும் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். ஆங்கிலப் பக்கத்துக்குத் தனிக் கணக்கு, தமிழ்ப் பக்கத்துக்குத் தனிக் கணக்கு. ஆங்கிலத்தை மட்டும் எடுத்தால் நம்மைப் பற்றி வெளியார் என்ன தேடினார்கள் என்பதுதான் கையில் கிடைக்கும். பக்கமே இல்லாதவருக்கோ பூச்சியம்கூடக் கிடையாது, அவர் பட்டியலிலேயே இல்லை.

இன்னும் ஒன்று. விக்கிப்பீடியாவின் பார்வைக் கணக்குக் கருவி 2015 யூலையிலிருந்துதான் எண்ணிக்கை தருகிறது. 1947இல் மறைந்த விபுலாநந்தரையும் நேற்றுத் தொலைக்காட்சியில் வந்தவரையும் அந்தச் சில வருடக் கிளிக்கை வைத்து நிறுத்துப் பார்ப்பதைப் 'புகழ்' என்று எப்படிச் சொல்வது?

பாலு மகேந்திராமேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அமிர்தகழியில் பிறந்த மனிதர், மட்டக்களப்பு பெருமைப்பட வேண்டியவர். தமிழ்நாட்டுச் சினிமாவை நேசிப்பவர்கள் எல்லாரும் அவரைத் தேடுகிறார்கள். தேடுகிறவர்களின் தொகை பெரிது, அவ்வளவுதான். அதற்காக அவர் இன்னொருவரைத் தோற்கடித்தார் என்று எழுதினால் இருவருக்கும் அநியாயம்.

யோசனை நல்ல யோசனைதான், அதை நான் குறை சொல்லமாட்டேன். 2019இல் 'த புடிங்' என்ற இணைய இதழ் அமெரிக்காவுக்கு இப்படியொரு வரைபடம் போட்டது. மொத்தப் பார்வையைக் கூட்டாமல் இடையத்தை எடுத்தார்கள். கணித பாடத்தில் படித்த அதே இடையம்தான், எண்களை வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது. ஒருவர் இறந்த வாரத்தில் அவர் பக்கம் கிடுகிடுவென்று ஏறும், கூட்டுத்தொகை அதில் ஏமாந்துபோகும், இடையம் ஏமாறாது. குறைந்தது ஒரு வருடக் கணக்காவது இருக்க வேண்டும் என்றும் வைத்தார்கள். ஒருவர் பல ஊர்க்காரராக இருக்கலாம் என்று ஒரே பெயரைப் பல இடத்தில் விட்டார்கள். எதை எண்ணினோம் என்று வெளிப்படையாக எழுதியும் வைத்தார்கள். வாட்ஸ்அப்பில் வரும்போது அந்தக் குறிப்பைத்தான் முதலில் வெட்டிவிடுகிறார்கள்.

சரி, விபுலாநந்தர் ஏன் அம்பாறை நகரத்துக்குப் போனார்? வரைபடம் செய்த மாணவியுடைய மடிக்கணினியைத் திறந்து பார்த்தோம். பிறந்த இடம் என்ற நிரலில் 'அம்பாறை மாவட்டம்' என்று இருந்தது. மென்பொருள் அதை வாசித்து, மாவட்டத்தின் தலைநகரில் புள்ளியைக் குத்திவிட்டது. எங்கள் தொழிலில் தினமும் பார்க்கிற பிழை இது. அவர் பிறந்தது கடற்கரையோரக் காரைதீவில், 1892இல். அப்போது அம்பாறை மாவட்டமே இல்லை. 1961இல்தான் அது மட்டக்களப்பிலிருந்து பிரிந்தது. ஆகவே பழைய நூல் அவரை மட்டக்களப்பார் என்றால் அதுவும் சரி, இன்றைய தரவு அம்பாறை என்றால் அதுவும் சரி. வரைபடத்துக்கு இரண்டும் போதாது. அவருடைய சமாதி கல்லடி உப்போடையில் இருக்கிறது, 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியரானார். ஒரே ஒரு புள்ளிக்குள் அவரை எப்படி அடைப்பது?

வில்லியம் ஓல்டை எடுங்கள். 1814இல் மட்டக்களப்புக்கு வந்து, ஒரு வருடம்கூட முடியாமல் 1815இல் இறந்துபோன மெதடிஸ்த பாதிரியார். நகரத்தில் சிலையாக நிற்கிறார். பிறந்த இடத்தை வைத்து வரைந்தால் அவர் இங்கிலாந்துக்குப் போய்விடுவார்.

எனவே, ஆசிரியர்களே, கெஞ்சிக் கேட்கிறேன்: தலைப்பில் 'புகழ்பெற்றவர்' என்று போடாதீர்கள். 'விக்கிப்பீடியாவில் அதிகம் திறக்கப்பட்ட பக்கம்' என்று போடுங்கள். எந்த மொழி, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்று வரைபடத்துக்குள்ளேயே எழுதுங்கள், வேறு தாளில் வேண்டாம். பிறந்தவரா, வாழ்ந்தவரா, படிப்பித்தவரா என்று முதலில் முடிவெடுத்துவிட்டு எண்ணுங்கள். ஒவ்வொரு புள்ளியையும் ஊர் தெரிந்த ஒருவர் கண்ணால் பார்க்க வேண்டும். நாளுக்கு ஐந்து பேர், ஆறு பேர் பார்க்கும் பக்கங்களுக்கிடையில் முதலிடம் இரண்டாமிடம் சொல்லாதீர்கள். ஒரு வகுப்பு ஒப்படைக்காகத் திறந்தாலே அந்த வரிசை புரண்டுவிடும். உயிரோடு இருப்பவர்களை ஊர் மட்டத்தில் மட்டும் காட்டுங்கள். வீட்டுக்கு மேல் புள்ளி வைத்த ஒரு வரைபடத்தையும் இந்த வருடம் பார்த்துவிட்டேன், அது மிகப் பிழையான வேலை.

தரவு இல்லாத ஊரை வெறுமையாக விடாதீர்கள். சாம்பல் நிறம் கொடுத்து 'பக்கம் இல்லை' என்று எழுதுங்கள். காரைதீவு ஐயாவுக்குச் சொல்லவேண்டியிருந்த பதில் விபுலாநந்தர்; மற்றப் பல ஊர்களுக்குப் பதில் இதுதான். வடமோடி, தென்மோடிக் கூத்தைப் பிள்ளைகளுக்குப் பழக்கிய அண்ணாவிமார், மருதமுனையில் தறியோடு வாழ்ந்தவர்கள், ஊரே கைபிடித்து நடந்த மருத்துவிச்சிகள் என்று இங்கே எத்தனையோ பேருக்குப் பக்கம் இல்லை.

அடுத்த தவணைக்கு நான் அந்தப் பாடசாலையில் கேட்டிருப்பது இதுதான்: ஒவ்வொரு சாம்பல் ஊருக்கும் இரண்டு பிள்ளைகள். 'நூலகம்' என்ற இணையத்தளத்தில் பழைய சிறப்பு மலர்களும் பத்திரிகைகளும் கிடக்கின்றன, அங்கே அச்சில் ஆதாரம் தேடட்டும். கிடைத்தால் தமிழ் விக்கிப்பீடியாவில் ஒரு கட்டுரை தொடங்கட்டும். கிடைக்காவிட்டால் அண்ணாவியார் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து, எந்த வருடம் எந்தக் கூத்து, யாரிடம் பழகினார் என்று கேட்டு எழுதிக்கொண்டு வரட்டும். படம் எடுப்பதானால் அவரிடம் கேட்டுவிட்டு எடுக்கட்டும்.