மசோதா வந்துவிட்டது என்று கேள்விப்பட்டு வழக்கை நிறுத்தி வைக்காதீர்கள்

நில வழக்கு. இரண்டாம் மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றத்தில் தோற்றுப்போனவர், உச்ச நீதிமன்றத்துக்குப் போக அவருக்கு இருந்தது 90 நாள். அந்தக் கெடு முடிந்து பல மாதம் கழித்து, வழக்கறிஞரான என்னிடம் கேஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறார். ஏங்க இவ்வளவு நாள் என்று கேட்டால், "சுப்ரீம் கோர்ட் பெஞ்ச் சென்னைக்கே வரப்போகுதாமே சார், எம்.பி.ங்க எல்லாரும் ஓட்டுப் போட்டுப் பாஸ் பண்ணிட்டாங்களாமே, இங்கேயே போட்டுக்கலாம்னு இருந்தேன்" என்கிறார். வாட்ஸ்அப்பில் வந்ததாம். இந்த மாதிரி ஒருவர் வருவது இது முதல் தடவை இல்லை. அதனால்தான் கொஞ்சம் கோபத்தோடே எழுதுகிறேன். கோபம் அவர் மீது இல்லை; ஒரு மசோதா எப்படி வாக்கெடுப்புக்கு வருகிறது என்பதைக்கூடச் சொல்லாமல் "நிறைவேறியது" என்று தலைப்பு போட்டுப் பரப்புகிறவர்கள் மீது.

முதலில் அந்த பெஞ்ச் விஷயம். உச்ச நீதிமன்றம் டெல்லியில் அமரும், வேறு இடத்தில் அமர வேண்டுமானால் குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு தலைமை நீதிபதி தீர்மானிக்கலாம் என்று அரசியலமைப்பின் 130-வது பிரிவு சொல்கிறது. மண்டல அமர்வுகள் வேண்டும் என்று தி.மு.க.வின் பி. வில்சன் மாநிலங்களவையில் மசோதா கொண்டுவந்தார். நல்ல கோரிக்கை, எனக்கும் வேண்டும். ஆனால் அது தனிநபர் மசோதா, அதாவது அமைச்சர் அல்லாத ஓர் உறுப்பினர் கொண்டுவருவது. அறிமுகம் செய்வது வேறு, நிறைவேறுவது வேறு. 1952 முதல் இன்றுவரை சட்டமாகிய தனிநபர் மசோதாக்கள் மொத்தமே 14. கடைசியாக ஒன்று நிறைவேறியது 1970-இல். அதுவும் நீதிமன்றம் சம்பந்தப்பட்டதுதான்: குற்ற வழக்குகளில் உச்ச நீதிமன்றத்தின் மேல்முறையீட்டு அதிகாரத்தை விரிவாக்கிய மசோதா, கொண்டுவந்தவர் அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் முன்னாள் நீதிபதி ஆனந்த் நாராயண் முல்லா. அதற்கப்புறம் ஒன்றுகூட இல்லை. திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமை மசோதா 2015 ஏப்ரலில் மாநிலங்களவையில் நிறைவேறியபோது நாடே பேசியது, மக்களவையைத் தாண்டவில்லை. ஓர் அவையில் நிறைவேறினாலே இந்தக் கதி என்றால், வெறும் அறிமுகத்தை நம்பி 90 நாளை விடலாமா?

சரி, இப்போது எனக்கு மிக மிக எரிச்சல் தருகிற விஷயத்துக்கு வருகிறேன். "எல்லா எம்.பி.யும் ஓட்டுப் போட்டார்கள்", "நம்ம எம்.பி.யும் ஆதரிச்சுட்டார்", "ஒருத்தர்கூட எதிர்க்கலை, ஒருமனதா நிறைவேறிடுச்சு". இந்த மூன்றையும் படித்தவர்கள், ஏன் என் சக வழக்கறிஞர்கள்கூடச் சொல்கிறார்கள். பெரும்பாலான மசோதாக்களில் இந்த மூன்றுக்குமே ஆதாரம் கிடையாது.

சாதாரண மசோதா பெரும்பாலும் குரல் வாக்கெடுப்பில்தான் முடிகிறது. சபாநாயகர், ஆதரிக்கிறவர்கள் "ஆம்" சொல்லுங்கள் என்பார், சத்தம் வரும். எதிர்க்கிறவர்கள் "இல்லை" சொல்லுங்கள் என்பார், சத்தம் வரும். தன் காதுக்கு எது பெரிதாகப் பட்டதோ அதை வைத்து "ஆம் என்போர் வென்றனர்" என்று அறிவித்துவிடுவார். அவ்வளவுதான். யார் ஆம் சொன்னார், யார் இல்லை சொன்னார், யார் வாயே திறக்கவில்லை, யார் அந்த நேரம் அவையிலேயே இல்லை என்று எந்தப் பதிவும் இருக்காது. நாடாளுமன்ற நடவடிக்கைக் குறிப்பை எடுத்துப் பாருங்கள், "தீர்மானம் ஏற்கப்பட்டது" என்று ஒரு வரி இருக்கும். உங்கள் தொகுதி எம்.பி.யின் பெயர் இருக்காது. ஆகவே அவர் ஆதரித்தார் என்று திட்டவும் முடியாது, எதிர்த்தார் என்று பாராட்டவும் முடியாது. நீங்கள் பாஸ் ஆனது என்று பார்க்கிற செய்தியில் "குரல் வாக்கெடுப்பு மூலம்" என்ற மூன்று சொல் ஒரு மூலையில் கிடக்கும், அதைத் தாண்டிப் படித்துவிட்டுப் போகிறோம்.

அதற்கு மாற்று டிவிஷன். சபாநாயகரின் முடிவை ஓர் உறுப்பினர் ஏற்காமல் டிவிஷன் கேட்டால், மணி அடிக்கும், கதவுகள் சாத்தப்படும், ஒவ்வொருவரும் தன் இருக்கையிலிருந்து பொத்தானை அழுத்துவார்கள்: ஆதரவு, எதிர்ப்பு, அல்லது 'வாக்களிக்கவில்லை'. பெயர் பெயராகப் பதிவாகும். அந்தப் பட்டியல்தான் ஆதாரம், மற்றதெல்லாம் பேச்சு. அப்படிக் கேட்பதால் மட்டும் டிவிஷன் நடந்துவிடும் என்றும் நினைக்காதீர்கள். 2020 செப்டம்பர் 20 அன்று மாநிலங்களவையில் வேளாண் மசோதாக்கள் வந்தபோது டிவிஷன் கேட்டவர்களில் திருச்சி சிவாவும் ஒருவர். அமளிக்கு நடுவில் அது நடக்கவில்லை, குரல் வாக்கெடுப்பிலேயே முடித்தார்கள். வேளாண் மசோதாவுக்கும் கோர்ட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். வணிகர் பணம் தராவிட்டால் விவசாயி சிவில் கோர்ட்டுக்குப் போக முடியாது, கோட்டாட்சியர் நிலை அதிகாரியிடம்தான் போக வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. எங்களைப் பொறுத்தவரை அதுவும் நீதிமன்றத்தை மாற்றுகிற மசோதாதான். மசோதாவின் பெயரில் "நீதிமன்றம்" என்ற சொல் இருந்தால்தான் பார்க்க வேண்டும் என்றில்லை, "உரிமையியல் நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை" என்ற பிரிவு எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுங்கள்.

2021 ஆகஸ்டில் தீர்ப்பாயச் சீர்திருத்த மசோதா வந்தது. தீர்ப்பாயம் என்றால் குறிப்பிட்ட துறை வழக்குகளை மட்டும் விசாரிக்கிற அமைப்பு. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் உட்படப் பல தீர்ப்பாயங்களை ஒழித்த மாற்றம் அது, அதற்கு முன்பே ஏப்ரலில் அவசரச் சட்டமாக வந்திருந்தது. தீர்ப்பாய உறுப்பினருக்குக் குறைந்தது 50 வயது, பதவிக்காலம் 4 ஆண்டு போன்ற விதிகளை மெட்ராஸ் பார் அசோசியேஷன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் ஜூலையில் ரத்து செய்திருந்தது. அதே விதிகள் மறுமாதமே மசோதாவில் திரும்பி வந்தன. மக்களவையில் ஆகஸ்ட் 3, மாநிலங்களவையில் ஆகஸ்ட் 9. பெகாசஸ் உளவு மென்பொருள் விவகாரத்தில் அமளி, குரல் வாக்கெடுப்பு, முடிந்தது. நீதிமன்றம் ரத்து செய்ததை மறுபடி கொண்டுவரலாமா என்பது எவ்வளவு பெரிய கேள்வி! அதில் தமிழ்நாட்டு எம்.பி. ஒவ்வொருவரும் என்ன நிலை எடுத்தார் என்று அறிய நமக்கு உரிமை இல்லையா? 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மறுபடி அந்த விதிகளை ரத்து செய்தது. இடையில் அலைந்தது எங்கள் கட்சிக்காரர்கள், அதாவது வழக்கு நடத்துகிறவர்கள்.

அப்புறம் கொறடா, அதாவது எப்படி வாக்களிக்க வேண்டும் என்று கட்சியின் சார்பில் உறுப்பினர்களுக்கு உத்தரவு போடுகிறவர். அவரிடமிருந்து மூன்று கோடு போட்ட, அதாவது மிகக் கண்டிப்பான உத்தரவு வந்துவிட்டால், கட்சி சொன்னபடி வாக்களிக்காதவர் அரசியலமைப்பின் பத்தாவது அட்டவணைப்படி (கட்சித் தாவல் தடைச் சட்டம்) பதவியையே இழக்கலாம், கட்சி 15 நாளுக்குள் மன்னித்தால் தவிர. 1985-இல் வந்த ஏற்பாடு இது. எங்கள் எம்.பி. வக்கீல், நீதிமன்றம் பற்றி நன்றாகத் தெரியும், சரியாக வாக்களிப்பார் என்று நம்புகிறவர்களுக்குச் சொல்கிறேன்: அவருக்குத் தெரிந்தது பேச்சில் வரும், வாக்கில் கட்சிதான் வரும். அவரைப் பிடிக்க வேண்டிய நேரம் வாக்கெடுப்பு நாள் இல்லை, மசோதாவை எம்.பி.க்கள் அடங்கிய நாடாளுமன்ற நிலைக்குழு ஆராய்ந்துகொண்டிருக்கும்போது.

அரசியலமைப்பையே திருத்துகிற மசோதா என்றால் கதை வேறு, அங்கே டிவிஷன் கட்டாயம். அவையின் மொத்த உறுப்பினரில் பாதிக்கு மேல், வந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு, நீதித்துறை அத்தியாயங்களைத் தொட்டால் பாதி மாநிலச் சட்டமன்றங்களின் ஒப்புதலும் வேண்டும். 2014-இல் தேசிய நீதிபதிகள் நியமன ஆணையத்துக்கான திருத்தம் மக்களவையில் 367-க்கு 0, மாநிலங்களவையில் 179-க்கு 0 என்று நிறைவேறியது. எதிர்ப்பு பூஜ்யம் என்றால் எல்லாரும் ஆதரவு என்று அர்த்தமா? இல்லை. மாநிலங்களவையில் மூத்த வழக்கறிஞர் ராம் ஜெத்மலானி வாக்களிக்காமல் இருந்தார், மக்களவையில் அ.தி.மு.க. வாக்கெடுப்பில் சேரவில்லை. 16 மாநிலங்கள் ஒப்புதல் தந்தன, டிசம்பர் 31-இல் குடியரசுத் தலைவர் கையெழுத்திட்டார், 2015 ஏப்ரல் 13-இல் நடைமுறைக்கும் வந்தது. அக்டோபர் 16-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 4-க்கு 1 என்று ரத்து செய்தது, மாறுபட்டவர் நீதிபதி செலமேஸ்வர். இவ்வளவு பலமான வாக்கெடுப்பே ஒரு வருடம் சொச்சம்தான் தாங்கியது.

இன்னொன்று, ஓட்டே இல்லாமலும் நீதிமன்ற அமைப்பு மாறும். சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வு 2004 ஜூலை 24-இல் தொடங்கியது குடியரசுத் தலைவரின் ஆணையால், அதற்கென ஒரு மசோதா வாக்கெடுப்பு நடக்கவில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தைப் பாருங்கள். மாநிலங்களவையில் 2019 ஆகஸ்ட் 6-இல் நிறைவேறியது, 9-ஆம் தேதி குடியரசுத் தலைவரின் ஒப்புதல். ஆனால் நடைமுறைக்கு வந்தது 2020 ஜூலை 20. கிட்டத்தட்ட ஒரு வருடம் பழைய சட்டம்தான் ஓடியது. அந்த இடைவெளியில் "புதுச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே ஒரு கோடி வரை வழக்குப் போடலாமே" என்று எத்தனை பேர் வந்து உட்கார்ந்தார்கள்! பிறகு அந்த ஒரு கோடியை 50 லட்சமாகக் குறைத்தது 2021 டிசம்பரில் வந்த விதிகள். எந்த எம்.பி.யும் பொத்தானை அழுத்தவில்லை.

தமிழ் வழக்காடு மொழி விஷயத்திலும் இதே குழப்பம். தமிழை உயர் நீதிமன்றத்தின் வழக்காடு மொழியாக்க வேண்டும் என்று 2006 டிசம்பரில் நம் சட்டமன்றம் ஏகமனதாக நிறைவேற்றியது வெறும் தீர்மானம். தீர்மானம் ஒரு கோரிக்கை, அதற்குச் சட்டத்தின் பலம் கிடையாது. உயர் நீதிமன்றத்தில் இன்னும் ஆங்கிலத்தில்தான் வாதாடுகிறோம். சட்டமன்றத்தில் நிறைவேறிய பிறகும் தமிழில் மனு வாங்க மறுக்கிறார்கள் என்று சண்டைக்கு வராதீர்கள்.

என்ன செய்ய வேண்டும்? ஒரு மசோதா பற்றிச் செய்தி வந்தால் முதலில் கேளுங்கள்: அறிமுகமா, ஓர் அவையா, இரண்டு அவையுமா, ஒப்புதல் கிடைத்ததா, அரசிதழில் நடைமுறைத் தேதி வந்ததா? கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லையென்றால் உங்கள் வழக்கைப் பொறுத்தவரை ஒன்றும் நடக்கவில்லை. அரசிதழ் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. சட்டத்தின் முதல் பிரிவைப் படியுங்கள், "மத்திய அரசு அறிவிக்கும் நாளில்" என்று இருந்தால் அந்த அறிவிப்பைத் தேடுங்கள். தேடத் தெரியாவிட்டால் உங்கள் வக்கீலிடம் கேளுங்கள், அதற்காகத்தான் இருக்கிறோம். கெடு ஓடிக்கொண்டிருக்கும்போது எந்த மசோதாவுக்காகவும் காத்திருக்கவே காத்திருக்காதீர்கள். தாமதத்தை மன்னிக்கச் சொல்லிப் போடுகிற மனுவில் "வாட்ஸ்அப்பில் வந்தது" என்று எழுதினால் எந்த நீதிபதி ஏற்பார்?

ஜூனியர்களுக்கும் ஒரு வார்த்தை. கட்சிக்காரர் மசோதா பற்றிக் கேட்டால் "வந்துடும், பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்பாதீர்கள். அவர் அதைச் சட்ட ஆலோசனையாக எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்.

நீதிமன்றத்தைத் தொடுகிற மசோதா வரும்போது உங்கள் எம்.பி.க்கு எழுதுங்கள் ஐயா, அம்மா, தயவுசெய்து எழுதுங்கள். எதிர்க்கச் சொல்லியோ ஆதரிக்கச் சொல்லியோ மட்டும் வேண்டாம், டிவிஷன் கேட்கச் சொல்லி எழுதுங்கள். மசோதாவின் பெயர், ஆண்டு, எந்தப் பிரிவு உங்களைப் பாதிக்கிறது என்று ஒரே பக்கத்தில். கூட்டத்தொடர் தொடங்குவதற்கு முன்பே போய்ச் சேர வேண்டும், ஏனென்றால் அறிமுகமான சில நாட்களிலேயே நிறைவேறிவிடுகிற மசோதாக்கள் இப்போது நிறைய. வாக்கெடுப்பு முடிந்ததும் நாடாளுமன்ற இணையதளத்தில் அன்றைய விவாதப் பதிவை இறக்கிப் பாருங்கள். டிவிஷன் நடந்திருந்தால் பெயர்ப் பட்டியல் இருக்கும். இல்லையென்றால் அடுத்த முறை தொகுதிக்கு வரும்போது, ஏன் கேட்கவில்லை என்று நேரில் கேளுங்கள்.