அல்சாஸ் ஒயின்: லேபிளில் சட்டம் சொல்வது என்ன?

கார்க்கைப் பிடுங்கியதும் லிச்சிப் பழமும் ரோஜாவும் சேர்ந்து மணக்கிற வெள்ளை ஒயின் கெவுர்ஸ்ட்ராமினர். எசென்ஸ் எதுவும் கலந்து வந்த வாசனை அல்ல. ரோஜாவிலும் லிச்சியிலும் உள்ள ரோஸ் ஆக்சைடு என்ற சேர்மம் இந்தத் திராட்சையிலும் இருக்கிறது. பழத்தின் தோல் இளஞ்சிவப்பு, ஒயின் மட்டும் வெள்ளை. 'ட்ராமின்' இன்றைய இத்தாலியில் உள்ள ஊர், 'கெவுர்ஸ்' என்றால் ஜெர்மனில் மசாலா. ஆனாலும் இந்த ஒயினுக்குப் பேர் வாங்கித் தந்தது பிரான்ஸின் கிழக்கு எல்லையில், ரைன் நதியோரம் இருக்கும் அல்சாஸ். மேற்கிலிருந்து வரும் மழையை வோஜ் மலைத்தொடர் மறித்துவிடுவதால், அங்குள்ள கொல்மார் பிரான்ஸிலேயே மழை குறைந்த நகரங்களில் ஒன்று. பழம் அவசரமில்லாமல் முற்றுகிறது.

அல்சாஸ் என்ற பெயரை யார் வேண்டுமானாலும் லேபிளில் போட்டுக்கொள்ள முடியாது. 1962 முதல் 'அல்சாஸ்' ஓர் ஏஓசி, அதாவது விளைந்த இடத்தின் பெயரைக் காக்கும் பிரெஞ்சுச் சட்ட அங்கீகாரம். நாம் புவிசார் குறியீடு என்கிறோமே, அதைவிடக் கறாரானது. எந்த நிலம், எந்தத் திராட்சை, ஹெக்டேருக்கு எவ்வளவு விளைச்சல் என்பது வரை எழுதி வைத்திருக்கிறார்கள். 1972 முதல் அல்சாஸுக்குள்ளேயேதான் பாட்டிலில் அடைக்க வேண்டும். அதுவும் உயரமான ஒல்லி பாட்டிலில். டாங்கரில் ஏற்றிப்போய் வேறெங்கோ நிரப்புகிற வேலை நடக்காது.

வாங்குபவருக்கு நேரடியாக உதவுவது இன்னொரு விதி. திராட்சையின் பெயர் லேபிளில் இருந்தால், உள்ளே 100 சதவீதமும் அதே திராட்சை. ஐரோப்பியப் பொது விதிக்கு 85 சதவீதமே போதும். கலவை வேண்டுமென்றால் அதற்கு 'எடல்ஸ்விக்கர்' என்று தனிப் பெயர் இருக்கிறது.

'கிரான் க்ரூ' என்று போட்டிருந்தால், பட்டியலில் உள்ள 51 தோட்டங்களில் ஒன்றில் விளைந்தது. 1975-இல் தொடங்கிய பட்டியல், 2007-இல் கேஃபர்கோப்ஃப் சேர்ந்ததும் 51 ஆனது. பழத்தைக் கையால்தான் பறிக்க வேண்டும். பெரும்பாலான தோட்டங்களில் ரீஸ்லிங், கெவுர்ஸ்ட்ராமினர், பினோ கிரி, மஸ்கட் ஆகிய நான்குக்கு மட்டுமே அனுமதி. 51 என்பது கொஞ்சம் தாராளம் என்பது என் எண்ணம். கெவுர்ஸ்ட்ராமினர் வேண்டுமென்றால் ட்ஸின்கோப்ஃப்லே, ஹெங்ஸ்ட் போன்ற பெயர்களைத் தேடலாம்.

தித்திப்பு விஷயத்தில்தான் ரொம்ப நாள் குழப்பம். மணத்தை நம்பி வாங்கிப்போனால் ஒரு பாட்டில் சாப்பாட்டோடு ஒத்துப்போகும், அடுத்தது பாகாக இனிக்கும். லேபிளில் ஒரு துப்பும் இருக்காது. 2021 அறுவடை முதல் அதை எழுதியே ஆக வேண்டும். லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை வரை 'செக்', 12 வரை 'தெமி-செக்', 45 வரை 'முவாலெ', அதற்கு மேல் 'தூ'. (நம் காதுக்கு அது திட்டுவதுபோல் கேட்டாலும், இருப்பதிலேயே இனிப்பானது அதுதான்.) புளிப்பு தூக்கலாக இருந்தால் முதலிரண்டு வரம்புகளும் கொஞ்சம் தளரும். கெவுர்ஸ்ட்ராமினரில் புளிப்பு குறைவு, பழத்தில் சர்க்கரையும் எளிதில் ஏறிவிடும். அதனால் இதை வாங்கும்போது முதலில் அந்த ஒற்றைச் சொல்லைப் பாருங்கள். திராட்சைத் தோட்டத்தின் பெயர் அப்புறம்.

'வாந்தாஞ்ஜ் தார்தீவ்' என்றால் கொடியிலேயே கூடுதல் நாள் விட்டுப் பறித்தது. 'செலக்சியோன் த க்ரேன் நோப்ல்' என்றால் பூஞ்சை பிடித்துச் சுருங்கிய பழங்களைப் பொறுக்கி எடுத்துச் செய்தது. இரண்டுக்கும் 1984-இல் விதி வந்தது. இவற்றில் சர்க்கரையை வெளியிலிருந்து சேர்க்கக் கூடாது.

ஊர்ப் பெயரைக் காக்கும் சட்டம் அல்சாஸின் கையையும் சுட்டிருக்கிறது. பினோ கிரியை அங்கே நெடுங்காலம் 'டோக்கே' என்றுதான் விற்றார்கள். அது எங்கள் டோக்காய் வட்டாரத்தின் பெயர் என்றது ஹங்கேரி. 1993-இல் ஐரோப்பிய ஒன்றியத்தோடு உடன்பாடு ஆகி, 2007 ஏப்ரலிலிருந்து அல்சாஸ் லேபிள்களில் அந்தச் சொல்லுக்கு இடமில்லை. எங்காவது 'டோக்கே' என்று எழுதிய அல்சாஸ் பாட்டில் கண்ணில் பட்டால், அது அதற்கு முந்தைய சரக்கு.